ஐந்து கையெழுத்தும் ஒரு மண் தரையும்

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு கமிட்டிக்குச் செயலாளர். சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. முடித்த கையோடு கிடைத்த வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெளிநாட்டுக்காரர்களுக்கு 'வணக்கத்துடன்' என்று அடித்து அடித்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. கமிட்டி வேலைதான் நான் மூச்சு விடும் இடம்.

டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அறை. அதை நடத்த ஐந்து பேர். இதுதான் எங்கள் கமிட்டி. அறை முன்பு ஒரு டேனரியின் சரக்கு அறையாக இருந்தது. தோல் பதனிடும் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் மூட்டை மூட்டையாகக் கிடந்த இடம். வாடகை வேண்டாம் என்று முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார். சுவர் நல்ல சுவர், கூரை நல்ல கூரை. தரைதான் மண்.

மழை பெய்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். பாய் விரித்து, பாய்மேல் சாக்கு விரித்து, சாக்குமேல் பழைய புடவை விரித்துக் குழந்தையைக் கிடத்தினால், மத்தியானத்துக்குள் மூன்றும் ஜில்லென்று ஆகிவிடும். முந்தின மழைக்காலத்தில் இரண்டு குழந்தைகள் நெஞ்சு கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தன. அடுத்த மழை வருவதற்குள் சிமெண்ட் தரை போட்டுவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்து பணமும் சேர்த்துவிட்டோம். ஆனால் அந்தக் காலத்தில் சிமெண்ட் வாங்கப் பர்மிட் வேண்டும். மனுக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தோம். பணம் தபால் ஆபீஸ் சேமிப்பில் சும்மா கிடந்தது.

அது சும்மா கிடந்ததுதான் என் கண்ணை உறுத்தியது.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல, எங்கள் கையெழுத்து வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பொருளாளர் பிரியாணிக் கடை பாய். உறுப்பினர்கள் இரண்டு பேர்: வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ், ஜோலார்பேட்டையில் குடியிருக்கும் ரயில்வே கார்டு. நர்சுக்கு ஷிஃப்ட். பாய்க்கு மத்தியானம் அண்டா. கார்டுக்கு வண்டி எப்போது கூப்பிடுமோ தெரியாது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்காருவது நடக்காத காரியம். ஐந்து கையெழுத்தும் இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது என்று நாங்கள் ஐவரும் திடமாக நம்பினோம்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதத்தின் முதல் வாரத்தில் தீர்மானப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படுவேன். தலைவர் வீட்டு வாசலில் ஒரு கையெழுத்து. பாய் கடையில் ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்று. கார்டிடம் வாங்குவதுதான் பெரிய சாகசம். பாசஞ்சர் ஆம்பூரில் நிற்கும் இரண்டு நிமிஷத்துக்குள் நடைமேடையின் கடைசி வரை ஓடி, கார்டு பெட்டியின் வாசலில் புத்தகத்தை நீட்டுவேன். அவர் ஒரு கையில் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்துப் போடுவார்.

"இன்னா தீர்மானம்மா இந்த மாசம்?"

"இன்னும் எழுதல சார்."

"எழுதுறப்போ என்னைப் பத்தி நல்லதா நாலு வரி சேத்து எழுது" என்று சொல்லி விசில் ஊதிவிடுவார்.

ஆமாம், பக்கம் காலியாகத்தான் இருக்கும். கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு. யாருக்கும் இதில் உறுத்தலே இல்லை. பால் பவுடர் வாங்குவது, பாய் வாங்குவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுப்பது. இவற்றுக்கெல்லாம் யார் சண்டை போடப் போகிறார்கள்? பாய் இன்னும் ஒரு படி மேலே போனார். பணம் எடுக்கும் பாரத்திலும் மூன்று நான்கு கையெழுத்தைச் சேர்த்துப் போட்டு வைத்துவிடுவார். "நீ ஒவ்வொரு தபாவும் வந்து நிக்காதம்மா, கல்லால கூட்டம் ஜாஸ்தியாவுது" என்பார்.

இப்படி இருக்கும்போது அந்தச் சுற்றறிக்கை வந்தது. 'தொண்டு நிறுவன நிர்வாகக் குழுவினருக்கான மூன்று நாள் பயிற்சி முகாம்.' இடம் வேலூர். வழுவழுப்பான தாள். தலைமைப் பண்பு, திட்டமிடல், கூட்டம் நடத்தும் முறை என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். படித்தவுடனே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது. போகாவிட்டால் வாழ்க்கை அங்கேயே நின்றுவிடும் என்று தோன்றியது. கட்டணத்தைப் பார்த்தேன். மூன்று பேர் போனால் தரைக்கு ஒதுக்கியதில் பாதி போய்விடும்.

சிமெண்ட் எப்படியும் இப்போது வரப்போவதில்லை, வருவதற்குள் பணத்தைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அந்த மாதத்துப் பக்கத்தில் ஐந்து கையெழுத்தும் தயாராக இருந்தன. மேலே எழுதினேன்: தரைக்காக ஒதுக்கிய தொகையிலிருந்து பயிற்சி முகாமுக்குச் செலவு செய்வது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் என்று ஒருவர் பெயர் வேண்டுமே! யோசிக்காமல் நர்சின் பெயரை எழுதினேன். படித்தவர், வேலூரில் வேலை பார்ப்பவர், பொருத்தமாக இருக்கும் என்று பட்டது. அவ்வளவுதான் என் யோசனை. பாய் முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த பாரத்தில் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

நர்சிடமும் பாயிடமும் போய், "முகாமுக்குப் போறோம், பணம் கட்டியாச்சு" என்றேன். யார் கட்டினார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நடத்துகிறவர்களே கட்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நர்ஸ் என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர். 'சிஸ்டர்' என்று கூப்பிடுவேன். அவர் என்னை வாடி போடி என்பார். மூன்று நாள் லீவு போட்டு வந்தார். பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, "அவன் உப்ப ஜாஸ்தியா போட்டு என் பேரைக் கெடுக்கப் போறான்" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

முதல் நாள் முழுவதும் லட்சியம், குறிக்கோள், இலக்கு இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று பாடம் நடந்தது. மெட்ராசிலிருந்து வந்தவர் சார்ட்டில் மூன்று வட்டம் வரைந்து விளக்கினார். நான் எழுதித் தள்ளினேன். பாய் கையைத் தூக்கினார்.

"சார், மூணும் ஒண்ணு மாதிரிதானே தெரியுது?"

"இல்லீங்க. இலக்கு அளக்கக்கூடியது."

"அப்போ சரி. நம்மளுது அரிசி, கறி, அடுப்பு. அளந்துதான் போடுறோம்" என்று உட்கார்ந்தார். கூடம் சிரித்தது.

சாயங்காலம் ஒரு விளையாட்டு. செய்தித்தாளைத் தரையில் விரித்து ஐந்தாறு பேர் அதன்மேல் நிற்க வேண்டும். பிறகு அதைப் பாதியாக மடித்து அதே ஆட்கள் நிற்க வேண்டும். மறுபடி பாதி. ஒற்றுமைக்காகவாம். பாய் முதல் மடிப்பிலேயே இறங்கிவிட்டார். "இத்தனை பேர் இடுக்கிக்கிட்டு நிக்கத்தான் பஸ்ஸு இருக்கே சிஸ்டர், அதுக்குப் பணம் கட்டிட்டு வரணுமா?" என்றார். சிஸ்டர் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பணம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் குனிந்து செய்தித்தாளை இன்னும் ஒரு முறை மடித்தேன்.

இரண்டாம் நாள் காலை கூட்டம் நடத்தும் முறை பற்றிய வகுப்பு. கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். சார்ட் இல்லை, வட்டம் இல்லை. கொண்டு வந்த தீர்மானப் புத்தகங்களை எல்லாம் மேஜைமேல் வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் எங்கள் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு. யாரு செயலாளர்?"

எழுந்து நின்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட ஒரு கூட்டத்துக்கும் வராம இருந்ததில்ல. பதினாறு மாசமா ஒருத்தருக்கும் காய்ச்சல் வரல, ஒருத்தர் வீட்லயும் கல்யாணம் இல்ல. நான் முப்பது வருஷம் சங்கங்களைப் பாத்தவன்மா, இந்த மாதிரி ஒரு கமிட்டியைப் பாத்ததே இல்ல."

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்து உரக்கப் படித்தார். தரைக்காக ஒதுக்கிய தொகையிலிருந்து, என்று தொடங்கி, முன்மொழிந்தவர், என்று முடித்து, "இந்தம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

சிஸ்டர் எழுந்தார். ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு குழந்தைகளும் அவருடைய வார்டில்தான் கிடந்தன. தரை, தரை என்று மாதா மாதம் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது அவர்தான். இப்போது அந்தத் தரைப் பணத்தை எடுக்கச் சொன்னதே அவர் என்று ஊர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் படித்துக் காட்டுகிறார்.

"நீங்கதான் முன்மொழிஞ்சீங்களா?"

சிஸ்டர் என்னைவிட்டுக் கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினார். "ஆமாங்க சார்."

அவர் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். பாயின் கையெழுத்துக்குப் பக்கத்திலிருந்து பக்கத்தின் நடு வரை ஒரு நெய்க் கறை. எண்ணெய்மேல் பேனா பிடிக்காது. அதனால் என் எழுத்து அந்தக் கறை வந்த இடத்தில் எல்லாம் நின்று, தாண்டி, அந்தப் பக்கம் தொடர்ந்திருந்தது. கையெழுத்து விழுந்து, கறை விழுந்து, அதற்கப்புறம்தான் தீர்மானம் விழுந்தது என்று அந்தப் பக்கமே சொல்லியது.  அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

சாப்பாட்டு வேளையில் சிஸ்டர் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். பாயும் தட்டோடு பின்னால் வந்தார்.

"ஏன்டி, என் பேரு தானா கெடச்சுது உனக்கு? அந்தத் தரைய வேணாம்னு நான் சொன்னேன்னு எழுதி வெச்சிருக்கியே."

"வேணாம்னு எழுதல சிஸ்டர். அப்புறம் போட்டுக்கலாம்னுதான்…"

"அப்புறம்னா எப்போ? மழ வந்த பின்னாலயா? ராத்திரி ட்யூட்டியில அந்தக் குழந்தைங்களுக்கு ஆக்சிஜன் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நீயா நானா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்போ ஏன் சிஸ்டர் ஆமான்னு சொன்னீங்க?"

"உனக்காக ஒண்ணும் சொல்லல. அத்தன பேருக்கு முன்னால நம்ம ரூமோட பேரு நாறக்கூடாது. ஊருக்குப் போனதும் நீயே அஞ்சு பேரையும் உக்கார வெச்சுச் சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்வேன்."

பாய் அதுவரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளை மட்டும் பேஜார் பண்ணாத சிஸ்டர். பாரத்துல மொத்தமா கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் நானு. காலிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டது நீயி. நாம நாலு பேரும் சேந்துதான் அவளை இப்படி வளத்துவிட்டோம்" என்றார். பிறகு ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

அன்று சாயங்காலம் அந்தக் கூட்டுறவுத் துறைக்காரரிடம் நானே போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பக்கங்களைக் கிழித்துவிடவா என்று கேட்டேன்.

"கிழிச்சீங்கன்னா ரெண்டாவது தப்பு" என்றார். குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, ஏன் ரத்து என்பதைக் கூட்டத்தில் எல்லார் முன்பும் படிக்க வேண்டும். அவ்வளவுதான். பிறகு, "உங்க சங்க விதி எங்க?" என்று கேட்டார். புத்தகத்தின் பின்னட்டைக்குள் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். கூட்டம் செல்லுபடியாக மூன்று உறுப்பினர் வந்தால் போதும் என்று அங்கே இருந்தது.

அந்த விதிகளை டைப் அடித்ததே நான்தான். நான்கு கார்பன் வைத்து, ஒரு தப்புக்கூட இல்லாமல். அடித்தேனே தவிர, படிக்கவில்லை. பதினாறு மாதம் நடைமேடையில் ஓடியதெல்லாம் வீண். மூன்று பேர் என்றால் நான், தலைவர், பாய் மூவரும் பாயின் கடைப் பின்கட்டில் எந்த நாளும் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் என்ன பாடம் நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. திரும்பும் பஸ்ஸில் பாய் கணக்குப் போட்டார். "மூணு நாள்ல உருப்படியானது அந்தப் பெரியவர் பேசுன ஒன்றர மணி நேரம்தான். அத மட்டும் தனியா குடுத்திருந்தா கம்மியா முடிஞ்சிருக்கும்." சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் மேகத்தைப் பார்த்து, "மழ சீக்கிரம் வரும்போல" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வந்த வாரமே கூட்டம் போட்டேன். கார்டுக்கு ஓய்வு நாளாகப் பார்த்து, குழந்தைகள் அறையிலேயே, அம்மாக்கள் வேலை முடிந்து பிள்ளைகளைத் தூக்கிப் போக வரும் சாயங்கால நேரத்தில். வேறு இடம் கிடைக்காததால்தான் அங்கே. பெரிய யோசனை எதுவும் இல்லை. தலைவர் முதல் முறையாக அந்தத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தார். முந்தின நாள் ஒரு தூறல் போட்டிருந்தது.

நின்றுகொண்டே படித்தேன். தீர்மானத்தை எழுதியது நான், சிஸ்டர் முன்மொழியவில்லை, யாரையும் கேட்கவில்லை, பாதிப் பணம் போய்விட்டது, செயலாளர் பதவியிலிருந்து விலகுகிறேன்.  வாசலில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் நின்று கேட்டார்கள்.

 தலைவர் எழுந்து நின்று வேட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். நனைந்திருந்தது.

"இவ்வளவு ஈரமா?" என்றார்.

"இன்னிக்குக் கம்மி சார்" என்றார் சிஸ்டர்.

கார்டு என்னைப் பார்த்து, "ராஜினாமாவா? அதுக்கும் அஞ்சு கையெழுத்து வேணுமே, நான் போட மாட்டேன்" என்றார்.

"போய்ட்டா ஜாலியாப் போய்டுவா" என்றார் சிஸ்டர். "இருந்து தரையப் போட்டுட்டுப் போகட்டும்."

ஆனால் எதைக் கொண்டு போடுவது? பாதிப் பணம். சிமெண்டும் இல்லை.  அப்போது வாசலில் இருந்த ஓர் அம்மா, டேனரியில் தோல் உலர்த்துகிறவர், "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க அக்கா."

"இன்னாத்துக்கு சிமெண்டு? சுண்ணாம்புத் தரை போடக்கூடாதா? எங்க வீட்ல அதான் போட்டிருக்கோம். டேனரிக்குச் சுண்ணாம்பு எறக்குற வண்டிக்காரரு நம்மளுக்குத் தெரிஞ்சவரு, கம்மியா குடுப்பாரு. செங்கல் ஜல்லி சூளையில சும்மா கெடக்குது. அதோ, மூலையில பழைய கடுக்காய் ரெண்டு மூட்ட இருக்குதில்ல? அதை ஊற வெச்சு அந்தத் தண்ணிய ஊத்தி அரைச்சா கல்லு மாதிரி நிக்கும்."

"அரைக்கிறதுக்கும் இடிக்கிறதுக்கும் கூலி?" என்றார் தலைவர்.

"எங்க புள்ளைங்க படுக்குற எடத்துக்கு எங்களுக்கே கூலியா சார்? ஞாயித்துக்கிழம வந்துடுறோம்."

இந்த யோசனை எங்கே இருந்தது இவ்வளவு நாளும்? அந்த வாசலில்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். கடுக்காய் மூட்டை எங்கள் கண்ணெதிரேயே மூலையில் கிடந்தது.

சிஸ்டர் கையைத் தூக்கினார். "சுண்ணாம்புத் தரைன்னு நான் முன்மொழியறேன். எழுதுடி. இந்தத் தடவ நெஜமாவே நாந்தான்."

எழுதினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் தீர்மானம், பிறகு கையெழுத்து. பழைய பக்கத்துக்குக் குறுக்கே கோடும் போட்டேன். பாய் கையெழுத்துப் போடும் முன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஆலயத்துக்குப் போகிறவர்கள் போய்விட்டு வந்தார்கள், மற்றவர்கள் விடிந்ததும் வந்தார்கள். திம்மிசுக் கட்டையால் ஜல்லியை இடித்து இடித்து என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. டைப் அடிக்க முடியாமல் ஆபீசில் திட்டு வாங்கினேன். பாய் ஒரு ஞாயிறு அண்டாவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தலைவர் கட்டையைப் பிடித்துப் பத்து இடி இடித்தார், மறுநாள் முதுகு வலி என்று படுத்தார். கிழக்கு மூலை காய்வதற்குள் மழை வந்துவிட்டது, அங்கே மட்டும் இன்றைக்கும் ஒரு வெடிப்பு உண்டு. மற்ற இடமெல்லாம் நின்றது. அந்த மழைக்காலத்தில் எங்கள் குழந்தைகளில் ஒன்றுகூட சிஸ்டரின் வார்டுக்குப் போகவில்லை.

முகாம் பணத்துக்குத் தகுந்ததா என்று இப்போது மற்றச் சங்கக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அந்த மூன்று வட்டத்துக்கு ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எங்கள் புத்தகத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்த அந்த மனிதருக்கும், எழுந்து நின்று ஆமாம் என்று சொன்ன சிஸ்டருக்கும் நான் கட்டியது குறைவு. அவர்கள் இருவரும் ஒரே கூடத்தில் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கூடத்துக்குத்தான் அவ்வளவு செலவு.

தரை போட்டு முடித்த அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் வேறு வேலையாக ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பாசஞ்சர் வந்து நின்றது. கார்டு என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டினார்.

"புக்கு எங்கம்மா?"

"புக்கு இல்ல சார். வெள்ளிக்கிழம சாயங்காலம் கூட்டம். வர முடியலன்னா வரலன்னு எழுதிடுவேன்."

"வரலன்னு எழுதுவியா?" என்று முறைத்தார்.

"எழுதுவேன் சார்."

கொடியை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை, அவருக்கு டூட்டி. வரவில்லை என்று எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன்.